மலைப்பாதையும் நடுங்கும் பிறேக்கும்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள சமவெளியை அடைகிறார். இடையிலுள்ள 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தைத் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி வளையும் ஒரே வீதியில் அவர் இழக்கிறார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில், பின்னால் மனைவியையோ பிள்ளையையோ அமர்த்திக்கொண்டு இவ்வழியே இறங்கும் தோட்டத்துத் தொழிலாளிக்கு, ஏதோ ஒரு வளைவில் வலக்கை விரல்களில் ஒரு துடிப்புத் தெரிய வரும். பிறேக் பிடியை மெல்ல அழுத்துந்தோறும் அது நாடி துடிப்பதுபோல் விரலைத் தள்ளும், விடும். வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகும். கைப்பிடி இலேசாக நடுங்கும். "டிஸ்க் நெளிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று கராஜ்காரர் சொல்வார். பெரும்பாலும் அத்தீர்ப்போடு விசாரணையும் முடிந்துவிடுகிறது.

அத்தீர்ப்பு எப்போதும் சரியானதன்று. சரியாக இருக்கும்போதுகூட அது பாதி உண்மையே. தட்டு ஏன் நெளிந்தது என்று அறியாமல் புதுத்தட்டைப் பூட்டினால், சில மாதங்களில் அதுவும் அதே விதமாக நெளியும். பணமும் போகும், மலைவீதியில் உயிருக்கு இருந்த காப்பும் போகும்.

முதலில் அந்தத் தட்டு செய்யும் வேலையின் அளவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். வண்டியும், இருவரும், ஒரு மூட்டையும் சேர்ந்து 300 கிலோகிராம் என்று கொள்வோம். அந்தப் பாரம் 1,300 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், பத்துப் பதினொரு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வாற்றலில் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பகுதியை எஞ்சின் எடுத்துக்கொள்ளும், ஓட்டுபவர் அதை அனுமதித்தால். மிச்சம் முழுவதும் வெப்பமாக மாறுவது பிறேக்கிலேதான். சிறிய மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத் தட்டு சோற்றுத் தட்டினளவு விட்டமும் நான்கைந்து மில்லிமீற்றர் கனமுமே உடையது. ஒரு பெரிய அண்டா நீரைக் கொதிக்க வைக்கும் நெருப்பை அத்தனை மெல்லிய உருக்கு வளையத்தின்மேல் மூட்டுவதை எண்ணிப் பார்த்தால், அது நெளிவது வியப்பில்லை. இத்தனை காலம் நெளியாமல் இருந்ததே வியப்பு.

தட்டைக் கவ்வி நிறுத்தும் இந்த முறைக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லாங்கெஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அது நெடுங்காலம் செல்வாக்குப் பெறவில்லை. 1953 இல் பிரான்சின் லெமான் ஓட்டப்போட்டியில் தட்டு பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. மோட்டார் சைக்கிள் உலகிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் முன் தட்டு பிறேக்குடன் வந்த வண்டி, 1969 இல் வெளிவந்த ஹொண்டா சிபி 750. அதுவரை எங்கும் ஆட்சி செய்தது டிரம் என்னும் உருளைப் பிறேக்கே. உருளைக்குள் எழும் வெப்பம் எளிதில் வெளியேற முடியாது. நீண்ட இறக்கத்தில் அது பிடிப்பை இழந்துவிடும். தட்டோ காற்றில் திறந்து சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. மலைநாட்டு வீதிகளுக்கு இதனினும் ஏற்ற பிறேக் இல்லை எனலாம். ஆனால் தன் வெப்பத்தை மறைத்துவைக்கும் இடம் அதற்கு இல்லை, அவ்வளவே.

மலையகத்தில் இன்று ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பல பழையவை. அதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடையிலே 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. புது வண்டி வாங்கும் கனவை ஒத்திவைத்துப் பழைய வண்டியையே பேணியவர் அநேகர். உதிரிப்பாகங்களும் விலையேறின. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய சம்பளத்தில் வாழ்பவருக்கு ஒரு தட்டும் ஒரு சோடிப் பேட்டும் பல நாள் உழைப்பாகும். ஆகவே "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவதைக் குறை கூறுதல் எளிது. புரிந்துகொள்ளுதல் அதனினும் எளிது. ஆனால் வீதி அந்தக் கணக்கை ஏற்பதில்லை. 2023 ஜனவரி 20 ஆம் நாள் நானுஓயா ரதல்லைக் குறுக்குவீதியில் பாடசாலைப் பிள்ளைகள் சென்ற பேருந்தும் ஒரு வேனும் ஒரு முச்சக்கரவண்டியும் மோதிய விபத்தில் ஏழு உயிர்கள் போயின. மலை இறக்கத்தில் ஒரு வண்டியின் தவறு அடுத்தவர் வண்டியையும் தாக்கும் என்பதை அந்தச் செங்குத்தான வீதி அன்று காட்டிற்று.

தட்டு நெளிதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதிலே உண்மையில் வேறு வேறு நோய்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, மெய்யான நெளிவு. இறக்கத்தில் பேட் உரசும் வெளி வளையம் பல நூறு பாகை சூடேறுகிறது. சக்கரத்தோடு பூட்டப்பட்ட உட்பகுதியோ அவ்வளவு சூடாவதில்லை. சூடேறிய வளையம் விரிய விரும்புகிறது. உட்பகுதி அதை இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் தட்டு கிண்ணம்போற் சற்றே குழிகிறது. ஆறும்போது முன்னைய நிலைக்குத் திரும்புவதே வழக்கம். சூடு அளவு கடந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சடுதியாகக் குளிர்ந்தாலோ அது திரும்புவதில்லை. பெரிய வண்டிகளில் வளையத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனியே செய்து, சிறு குமிழ்களால் தளர்வாக இணைத்திருப்பதைப் பார்க்கலாம். விரியும் வளையத்துக்கு இடங்கொடுப்பதே அதன் நோக்கம். பழைய சிறு வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, படிவு. இது அதிகமாகக் காணப்படுவது. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. சூடேறிய பேட் தன் பொருளில் ஒரு மெல்லிய படலத்தைத் தட்டின்மேல் பூசிக்கொண்டே வரும். அப்படலம் சீராக இருக்கும்வரை பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் லபுக்கலையிலிருந்து பிறேக்கையே நம்பி இறங்கிவந்த ஒருவர், இறம்பொடை அனுமார் கோயிலைக் கண்டதும் சரிவிலேயே வண்டியை நிறுத்தி, அது உருளாதிருக்கப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்று கும்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிடங்களிற் கொதிக்கும் பேட் தட்டின் ஒரே இடத்தில் முத்திரை குத்தியதுபோல் ஒட்டிப் படிகிறது. பின்னர் சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடம் பேட்டை ஒருமுறை தள்ளும். தட்டு நேராகவே இருக்கும். விரலோ நெளிந்ததாகச் சொல்லும். (இன்னொரு பழக்கமும் இங்கே சொல்லத்தக்கது. நீர்வீழ்ச்சிக்கு அருகே வண்டியை நிறுத்தி, சேறு போகட்டும் என்று முன்சக்கரத்தின்மேல் ஒரு வாளி குளிர்நீரை வீசுவோர் உண்டு. சூடான தோசைக்கல்லின்மேல் நீர் விட்டால் அது எவ்வாறு முறுகும் என்பதை எந்த இல்லத்தரசியும் அவருக்குச் சொல்லியிருப்பார்.)

மூன்றாவது, தட்டின் பிழையே அல்லாதது. சக்கரத்தின் நடுவிலே தட்டு அமரும் முகத்தில் துருவோ, பழைய பெயின்ற்றோ, ஒரு மணல் துகளோ இருந்தால் நேரான தட்டும் சாய்ந்தே அமரும். மத்தியிலிருந்து சில சென்ரிமீற்றர் தொலைவில் உள்ள சிறு துகள், தட்டின் விளிம்பில் இரட்டிப்பாகத் தெரியும். போல்ட்டுகளை ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் பூட்டினாலும் இதே விளைவுதான். கலிப்பர் எனப்படும் கவ்வி பக்கவாட்டில் வழுக்கி நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிட்டாலும், தட்டின் இயல்பான சிறு அசைவைக்கூடப் பொறுக்காமல் அது விரலுக்குத் துடிப்பை அனுப்பும். மழையும் மூடுபனியும் ஓயாத நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இந்த ஊசிகள் துருப்பிடிப்பது சாதாரண விஷயம். சக்கரத்துப் பெயரிங் தேய்ந்திருந்தாலும், கைப்பிடித் தண்டின் பெயரிங் தளர்ந்திருந்தாலும் நடுக்கம் உண்டாகும். அவற்றையெல்லாம் தட்டின் தலையிற் போடுவது நியாயமாகாது.

ஆகையால், தட்டை மாற்றுவதற்கு முன் வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, முன்சக்கரம் நிலத்தைத் தொடாதவாறு எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சக்கரப் பெயரிங்கின் நிலை தெரியும். முன் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கைப்பிடித் தண்டின் தளர்வு தெரியும். கவ்வியைக் கையால் தள்ளினால் ஊசிகள் வழுக்குகின்றனவா என்பது விளங்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே தட்டின் முறை வருகிறது.

தட்டின் ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் என்னும் கருவி உண்டு. அதை முன் காலிற் பொருத்தி, முள்ளைத் தட்டின் ஓரத்தில் தொடவைத்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், முள் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும். பல வண்டிகளின் கைநூல்கள் 0.3 மில்லிமீற்றரை எல்லையாகக் கூறும். சில இதனினும் குறைவாகக் கூறும். மூன்று எழுதுதாள்களின் கனமே 0.3 மில்லிமீற்றர் என்பதைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படலாம். கருவி இல்லாதவர் முன் காலில் ஒரு விறைப்பான கம்பியைக் கட்டி, அதன் முனையைத் தட்டுக்கு மிக அருகே கொண்டுவந்து, சக்கரம் சுழலும்போது இடைவெளி விரிவதையும் குறுகுவதையும் கவனிக்கலாம். அளவு துல்லியமாகக் கிடைக்காது. ஆட்டம் உண்டா இல்லையா என்பது கிடைக்கும்.

ஆட்டம் உண்டு என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யும் கராஜ்கள் மிகக் குறைவு. செலவோ ஒரு மணி நேரமும் ஒரு சோக்கட்டியும் மட்டுமே. தட்டு அதிகமாக வெளியே தள்ளி நிற்கும் இடத்தில், தட்டிலும் சக்கரத்திலும் ஒரே நேராகச் சோக்கட்டியால் ஒரு கோடு இட வேண்டும். பின்னர் தட்டைக் கழற்றி, அமரும் முகத்தைச் சுத்தம் செய்து, போல்ட் துளை ஒன்று தள்ளித் திருப்பிப் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும். தள்ளி நிற்கும் இடம் தட்டின் கோட்டோடு நகர்ந்திருந்தால் பிழை தட்டினுடையது. அது சக்கரத்தின் கோட்டிலேயே நின்றுவிட்டால் பிழை சக்கரத்தினுடையது. எத்தனை புதுத் தட்டுகள் வாங்கினாலும் அந்தப் பிழை தீராது. ஆட்டமே மறைந்துவிட்டால் குற்றவாளி அந்தத் துருவேதான் என்க. அந்த வீட்டில் அன்று ஒரு தட்டின் விலை மிச்சமாகும்.

ஆட்டம் இல்லாதிருந்தும் துடிப்பு இருந்தால், தட்டின் கனத்தை எட்டு இடங்களில் மைக்ரோமீற்றரால் அளந்து ஒப்பிட வேண்டும். கனத்தில் நூறில் சில பங்கு மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தாலே விரல் அதை உணர்ந்துவிடும். படிவு மட்டுமே என்றால் நடுத்தர உப்புத்தாளால் இருமுகங்களையும் சீராகத் தேய்த்துப் புதுப் பேட் இட்டுப் பார்ப்பது தகும். தட்டின் உட்பகுதியில் அதன் குறைந்தபட்சக் கனம் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்து அந்த எண்ணுக்கு வந்த தட்டு, எவ்வளவு நேராக இருந்தாலும், மாற்றப்பட வேண்டியதே. நெளிந்த தட்டைக் கடைசல் பொறியிற் சீவி நேராக்கித் தருவதாகச் சொல்வோர் உண்டு. நான்கைந்து மில்லிமீற்றர் கனமே உடைய தட்டில் சீவுவதற்கு என்ன இருக்கிறது? சீவிய தட்டு மேலும் மெலிந்து, அடுத்த இறக்கத்தில் முன்னிலும் விரைவாகச் சூடேறி நெளியும். சுத்தியலால் தட்டி நேராக்குவதைப் பற்றிப் பேசாதிருப்பதே மேல்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வண்டி உதிரிப்பாகங்கள் குவிந்து கிடக்கும். புதியவையும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவையும் அங்கே கிடைக்கும். பழைய தட்டை வாங்குபவர் அதை ஒரு சமமான கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தட்டு ஆடினால் அதை அங்கேயே விட்டுவரலாம். நீல நிறம் பாய்ந்த தட்டு முன்பே நெருப்பைக் கண்ட தட்டு. துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உள்ளது எந்த விலைக்கும் ஆகாது. குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்படாத புதுத்தட்டையும் ஐயத்தோடே நோக்க வேண்டும்.

இனி மாற்றும் வேலை. கவ்வியைக் கழற்றியதும் அதை எண்ணெய்க் குழாயிலே தொங்கவிடலாகாது. கம்பியால் முன் காலோடு கட்டிவைக்க வேண்டும். பேட்டுகளுக்கு இடையே ஒரு மரச்சீவலைச் செருகிவைத்தால், யாராவது தவறிப் பிடியை அழுத்தினாலும் உள்ளிருக்கும் பிஸ்ரன் வெளியே வராது. சிறுவர்கள் சுற்றி நிற்கும் தோட்டத்து முற்றத்தில் இது வீண் எச்சரிக்கையன்று. சக்கரத்தைக் கழற்றி இரண்டு கட்டைகளின்மேல், தட்டின்மேற் பாரம் விழாதவாறு கிடத்த வேண்டும். பழைய போல்ட்டுகள் பசையிட்டுப் பூட்டப்பட்டவை. குளிரில் அவை அசையா. தலையைச் சற்றுச் சூடாக்கி, நன்கு பொருந்தும் சாவியால் நேராக அழுத்தித் திருப்பினால் விடும். பொருந்தாத சாவியால் தலையை வழுக்கவிட்டவர் பிறகு துளைபொறியைத் தேடி ஹட்டனுக்குப் போகவேண்டி வரும்.

அமரும் முகத்தைப் பித்தளைத் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்தல் வேண்டும். இதிலே காட்டும் பொறுமைதான் முழு வேலையின் உயிர். புதுத்தட்டில் துருவேறாதிருக்கப் பூசியுள்ள எண்ணெயை மதுசாரத்தாலோ பிறேக் சுத்திகரிப்பானாலோ முற்றாகத் துடைத்து, பிறகு உரசும் முகத்தை விரலால் தொடாமல் பூட்ட வேண்டும். தட்டிலே சுழற்சித் திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருந்தால் அதை மதிக்க வேண்டும். போல்ட்டுகள் புதியனவாக இருத்தல் நன்று. மரையில் ஒரு துளி பூட்டுப்பசை இட்டு, எதிரெதிராக மாறி மாறி, மூன்று தவணைகளில், கைநூலிற் கூறிய அளவுக்கு இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது, புதுத்தட்டைத் தன் கையாலேயே நெளிப்பதாகும். பூட்டிய பின் மீண்டும் ஒருமுறை ஆட்டத்தை அளந்துவிட்டால் மனம் அமைதியாகும்.

பேட்டையும் கூடவே மாற்ற வேண்டும். பழைய தட்டின் தேய்வுக்கேற்பப் பள்ளம் விழுந்த பேட், புதுத்தட்டின் முழு முகத்தையும் தொடாது. புதுப் பேட் கனமாக இருப்பதால் பிஸ்ரனை உள்ளே தள்ள நேரும். அப்போது மேலுள்ள கிண்ணத்தில் எண்ணெய் பொங்கிப் பெயின்ற்றைத் தின்றுவிடாமல் துணி சுற்றிவைத்தல் நலம். அந்த எண்ணெயும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை புதிதாக இருக்கும்போது 230 பாகையிலும், ஈரம் ஏறியபின் 155 பாகையிலும் கொதிக்கத் தொடங்கலாம் என்பது அதன் தரவிதி. கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினாற் சுருங்குமேயன்றிப் பேட்டைத் தள்ளாது. பிடி கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுவது பொதுவான விதி. ஈரம் மிகுந்த மலைநாட்டில் அதை மறப்பதற்கில்லை.

எல்லாம் பூட்டி முடிந்ததும், வண்டி ஓர் அடி நகருமுன்னே, பிடியைப் பலமுறை அழுத்தி அது இறுகும்வரை பார்க்க வேண்டும். பின்தள்ளிய பிஸ்ரன் மீண்டும் பேட்டைத் தட்டோடு சேர்க்கும்வரை முதல் அழுத்தங்கள் வெறுமையாகவே போகும். இதை மறந்து சரிவில் இறங்கியவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது அரிது.

புதுத்தட்டுக்கும் புதுப் பேட்டுக்கும் பழக்கம் ஏற்பட வேண்டும். நுவரெலியாவிற் கிரகறி வாவியை அண்டிய சமமான வீதி அதற்கு ஏற்றது. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்துவரை மெதுவாகக் குறைத்து, முற்றாக நிற்காமல் விட்டு, சற்று ஆறவிட்டு, மீண்டும் குறைத்து, இவ்வாறு பத்துப் பதினைந்து முறை செய்தால் படலம் சீராகப் படியும். முதல் சில நாட்களுக்கு இறம்பொடை இறக்கத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. முடியாதவர், ஏறுவதற்கு எந்தக் கியரைப் போடுவாரோ அதே கியரில் இறங்கி, எஞ்சினையே பெரும்பாலும் தடுக்கவிட்டு, பிறேக்கை வளைவுக்கு முன் சற்று அழுத்தமாகப் பிடித்துப் பிறகு முற்றாக விட்டுவிட வேண்டும். பின்சக்கரப் பிறேக்குக்கும் அதன் பங்கு உண்டு. இடையறாது மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் தட்டுக்குப் பெரும் பகை. எரிபொருள் கிடைக்காத 2022 இல் பெற்றோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினை நிறுத்தி உருண்டு இறங்கியவர்கள், அந்தச் சிக்கனத்தின் விலையைத் தட்டிலும் பேட்டிலும் கொடுத்தார்கள்.

நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை போல்ட்டுகளையும் கிண்ணத்து எண்ணெயின் மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய தட்டை இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் வாளால் ஓரிடத்தில் அறுத்துவிடுவது நல்லது. இல்லையேல் அது துடைத்து மினுக்கப்பட்டு, மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ வேறொருவரின் முன்சக்கரத்தில் மறுபடி ஏறிவிடக்கூடும்.